கொடிக்கு ஏது கால்?

ஆசியா: தலைகீழா பிடிச்சிருக்கீங்க ராத்தா. திருப்புங்க… ஆங், இப்போ சரி.

ஹமீதா: எப்படிப் பிடிச்சா என்ன ஆசியா? கட்டில் திரைதானே. மேலயும் கொடி ஓடுது, கீழயும் கொடி ஓடுது.

ஆசியா: கொடின்னாலும் அது படர்றதுக்கு ஒரு வழி இருக்குல்ல?

ஹமீதா: இருக்கும், இருக்கும். சல்மாவுக்குத் தையல் சொல்லிக் குடுத்தவ நீ. நீ சொன்னா சரி. இங்க பாரு… இந்த மூலை.

ஆசியா: எந்த மூலை?

ஹமீதா: விரலை வெச்சுக்கிட்டு நிக்கிறேனே, தெரியலையா? இது என்ன?

ஆசியா: கொடி.

ஹமீதா: கொம்பு மாதிரி ஒண்ணு நிக்குதே.

ஆசியா: கொம்பு இல்லாம கொடி எதுல படரும் ராத்தா?

ஹமீதா: அடேயப்பா… சரி. கொம்புக்கு இந்தப் பக்கம் ஒரு கால். தள்ளி இன்னொரு கால். கொடிக்கு ஏது கால்?

ஆசியா: …தேத்தண்ணி போடட்டுமா?

ஹமீதா: வேணாம். கல்யாண வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கேன். கீழ ரிக்‌ஷாவை நிறுத்தி வெச்சிருக்கேன்.

ஆசியா: ரெண்டு சந்து தாண்டி வர்றதுக்கு ரிக்‌ஷாவா?

ஹமீதா: இந்த முட்டியை வெச்சுக்கிட்டு உன் மாடிப்படி ஏறினதே பெருசு. பேச்சை மாத்தாத. அஸர் தொழுகை முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க சீர்ப்பெட்டியைப் பாக்க வர்றாங்க. நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் ஏறி வந்தவங்க. முதல்ல இந்தத் திரையைத்தான் விரிப்பாங்க. அதுக்குள்ள நீ எனக்குச் சொல்லணும். இது எழுத்தா, இல்லையா?

ஆசியா: எழுத்துதான்.

ஹமீதா: ஓஹோ.

ஆசியா: உக்காருங்க ராத்தா. நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா எனக்குப் பயமா இருக்கு.

ஹமீதா: உக்காந்தா எந்திரிக்க உன்னைத்தான் கூப்பிடணும்… ம், உக்காந்தாச்சு. என் தம்பி சுல்தான் தன் மகளை இங்க கொண்டாந்து விட்டப்போ என்ன சொன்னான்?

ஆசியா: "சல்மா ஓதட்டும், தைக்கட்டும். தமிழ் எழுத்து மட்டும் கூடாது. எழுதத் தெரிஞ்ச பொம்பளைப் புள்ள எவனுக்காவது கடுதாசி எழுதும்"னாங்க.

ஹமீதா: நீ என்ன சொன்னே?

ஆசியா: சரின்னேன்.

ஹமீதா: சரின்னுட்டு?

ஆசியா: நான் எழுத்துன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பன்னெண்டு இலை, பதினெட்டுப் பூன்னு சொல்லிக் குடுத்தேன். இலையும் பூவும் சேந்தா கொத்து. புள்ளைங்க தாங்களாவே ஒரு நாள், "இந்தக் கொத்து 'மீன்'னு வருதே, உஸ்தாது"ன்னு கத்துச்சுங்க. நான் என்ன பண்ண?

ஹமீதா: ஒண்ணும் பண்ணல. நீ பாவம்.

ஆசியா: சிரிக்காதீங்க ராத்தா.

ஹமீதா: சிரிக்காம? அவ வீட்டுல உக்காந்து தைக்கிறதை நீ பாக்கணுமே. நான் பக்கத்துல நூல் கோத்துக் குடுத்துக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு குத்துக்கும் வாய் முணுமுணுக்கும். கொம்பு, கால், சுழின்னு… எனக்குக் காதே புளிச்சுப் போச்சு. நான் ஏதோ தையலுக்குப் பேருன்னு நினைச்சேன்.

ஆசியா: உங்க தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?

ஹமீதா: சொல்லியிருந்தா நான் ஏன் வர்றேன்? அவனே வந்திருப்பான். மேல நீளமா ஓடுதே, அது என்ன? அதைச் சொல்லு முதல்ல.

ஆசியா: "சல்மா. சுல்தான் மகள். பூலாவ் பினாங்கு." எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் தைக்கும். யாரு நீ, யாரு புள்ள, எந்த ஊரு. அதைத் தைச்சு முடிச்சாத்தான் மத்த வேலை.

ஹமீதா: எதுக்கு?

ஆசியா: எதுக்குன்னா… நம்ம புள்ளைங்களை மலாய்க்காரங்க பாத்தா தமிழாளு, "கிளிங்"ங்கிறாங்க. கப்பல்ல வர்ற நம்மாளுங்க பாத்தா மலாய் கலந்தது, "ஜாவி பெக்கான்"ங்கிறாங்க. ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சா, புள்ள தான் யாருன்னு தானே சொல்லத் தெரிஞ்சுக்கணும்ல?

ஹமீதா: ம்.

ஆசியா: தையலும் அப்படித்தான். இந்தப் பாசிமணி பாருங்க, அடுத்த வீட்டுச் சீனத்து நோன்யா சொல்லிக் குடுத்தது. இந்த முடிச்சு என் உம்மாவோடது, நாகூர்லேர்ந்து வந்தது. யாரு கையிலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லாம நான் ஒரு தையலும் சொல்லிக் குடுக்கிறதில்ல.

ஹமீதா: ஒண்ணு விடாமயா?

ஆசியா: ஒண்ணு விடாம.

ஹமீதா: இந்தப் பொன் நூல் வேலை? இது மலாய்க்காரங்க தைக்கிற தெக்காட். இது யாரு கையிலேர்ந்து வந்துச்சுன்னு சல்மாகிட்ட சொன்னே?

ஆசியா: …ஒரு மலாய்க்கார அக்கான்னு.

ஹமீதா: பேரு?

ஆசியா: பேரு சொல்லல.

ஹமீதா: அவ கேக்கலையா?

ஆசியா: கேட்டா. மறந்து போச்சுன்னேன்.

ஹமீதா: மறந்து போச்சா.

ஆசியா: வேற என்ன சொல்லச் சொல்றீங்க ராத்தா? உங்களுக்குத் தெரியாதா?

ஹமீதா: நான் ஒண்ணும் சொல்லலையே… சரி, இப்போ மூலைக்கு வா. என்ன எழுதியிருக்கு?

ஆசியா: அது… ரோஜா.

ஹமீதா: என்னது?

ஆசியா: ரோஜா. பூவு.

ஹமீதா: ரோஜாவா!

ஆசியா: ஏன் ராத்தா, ரோஜா தைக்கக் கூடாதா?

ஹமீதா: நல்லாப் பாத்துச் சொல்லு. வெளிச்சத்துல வெச்சுப் பாரு. ஜன்னலைத் திற.

ஆசியா: திறந்துதான் இருக்கு.

ஹமீதா: அப்போ கிட்டக்கப் பிடிச்சுப் பாரு. ரோஜான்னா வருது?

ஆசியா: ரோஜாதான்.

ஹமீதா: அவ்வளவு மோசமாவா இருக்கு…

ஆசியா: என்ன மோசமா?

ஹமீதா: ஒண்ணுமில்ல. ரோஜான்னா நல்லதாப் போச்சு. சம்பந்தியம்மாகிட்டயே காட்டி, "பாருங்க, எங்க புள்ள பூவோட பேரைக்கூடத் தைச்சிருக்கா"ன்னு சொல்றேன். அவங்க கூட வந்த பொண்ணு ஒண்ணு நல்லா வாசிக்குமாம். அதை விட்டுச் சத்தமா வாசிக்கச் சொல்றேன்.

ஆசியா: வேணாம்!

ஹமீதா: ஏன்?

ஆசியா: வேணாம் ராத்தா. குடுங்க. ஒரு நிமிஷம்… கத்தரி எங்க வெச்சேன்… பிரிச்சு எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு இலை வெச்சிடறேன். அஸருக்குள்ள முடிச்சிடலாம்.

ஹமீதா: ரோஜாவை ஏன் பிரிக்கணும்? கத்தரியைக் கீழ வை. வை ஆசியா. சுடா லா, போதும் இந்த ஆட்டம். வாசி.

ஆசியா: வாசிச்சா கோவிக்கக் கூடாது.

ஹமீதா: வாசி.

ஆசியா: …ரோஹானா.

ஹமீதா: இன்னொரு தரம் சொல்லு.

ஆசியா: ரோஹானா. "சல்மா, ரோஹானா மகள்"னு இருக்கு.

ஹமீதா: மகள்னும் இருக்கா?

ஆசியா: இருக்கு. இந்தா, கடைசியில. ஆனா 'ள்'ளுக்குப் புள்ளி விட்டுப் போச்சு.

ஹமீதா: புள்ளியா? எங்க? ஐயோ…

ஆசியா: புள்ளியை விடுங்க ராத்தா, இப்போ அதா முக்கியம்? உங்க தம்பி பாத்தா என்ன ஆகும்? இந்தப் பேரை வீட்டுல எடுக்கவே கூடாதுன்னு இருக்கிறவங்க. சல்மாவை என்கிட்ட விடும்போதே தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "நீ அவளோட சிநேகிதமா இருந்தவ. என் மககிட்ட அவ பேச்சு வந்துச்சு, அன்னிக்கே புள்ளையை நிறுத்திடுவேன்"னு.

ஹமீதா: அப்படியா சொன்னான்?

ஆசியா: உங்களுக்குத் தெரியாதா?

ஹமீதா: என்கிட்ட சொன்னது வேற. மேல சொல்லு.

ஆசியா: என்னத்த சொல்ல? அக்கரை ஜுரு ஊர்லேர்ந்து வந்த மலாய்க்காரப் பொண்ணைத் தானே ஆசைப்பட்டு நிக்காஹ் பண்ணினாங்க. ரோஹானாக்கா மவுத்தானப்போ சல்மா தவழ்ந்துக்கிட்டு இருந்தா. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம்தான் ஊர்ல சொந்தக்காரங்க கேக்க ஆரம்பிச்சாங்க. உங்க தம்பியும், "என் பெண்சாதி நம்மூர்க்காரி, நாகப்பட்டினத்துப் பொண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. அதையே புள்ளைகிட்டயும் சொல்லி வளத்தாச்சு. இப்போ சம்பந்தமும் அதை நம்பித்தான்.

ஹமீதா: ஜாவி பெக்கான் பொண்ணுன்னு தெரிஞ்சா எடுக்க மாட்டாங்கன்னு பயம் அவனுக்கு.

ஆசியா: அந்தப் பயத்துல… ராத்தா, நான் தெக்காட் கத்துக்கிட்டதே உங்க வீட்டு அடுப்படியில வெச்சுத்தான். ரோஹானாக்கா மடியில சல்மா கிடப்பா. அக்கா ஒரு கையால தட்டிக் குடுத்துக்கிட்டே இன்னொரு கையால பொன் நூலைப் பிடிச்சுக் காட்டுவாங்க. "பெலான், பெலான்"பாங்க. மெதுவா, மெதுவா. நீங்கதான் மீன் கழுவிக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் திட்டுவீங்க.

ஹமீதா: நான் எங்க திட்டினேன்?

ஆசியா: "ரெண்டு சோம்பேறிங்க"ன்னு.

ஹமீதா: அது செல்லமா சொன்னது.

ஆசியா: அக்கா அதுக்கும் சிரிப்பாங்க.

ஹமீதா: …சிரிப்பா. கையைத் துடைச்சிக்கிட்டு வந்து என் தோள்ல தாடையை வெச்சுக்கிட்டுச் சிரிப்பா. சரி, அழாத. நீ அழுதா நானும் அழணும், மூஞ்சி வீங்கிப் போய் சம்பந்திங்க முன்னாடி நிக்கணும். இப்போ சொல்லு. இதைத் தைச்சது யாரு?

ஆசியா: நான்.

ஹமீதா: நீயா?

ஆசியா: நான்தான். சல்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவ மேல ஒரு தப்பும் இல்ல. தண்டனை குடுக்கிறதா இருந்தா உங்க தம்பி எனக்குக் குடுக்கட்டும். வகுப்பை மூடச் சொன்னாலும் மூடிடறேன்.

ஹமீதா: எப்போ தைச்சே?

ஆசியா: போன வாரம்.

ஹமீதா: போன வாரம் பூரா திரை எங்க வீட்டு அலமாரியில கிடந்துச்சு.

ஆசியா: அப்போ… அதுக்கும் முந்தி.

ஹமீதா: அதுக்கு முந்தி இந்த மூலை வெறுமையா இருந்துச்சு. நான்தான் இஸ்திரி போட்டேன். பொய் சொல்ல உனக்குப் பழக்கம் பத்தாது ஆசியா.

ஆசியா: நான் தைச்சதுன்னு வெச்சுக்கங்களேன் ராத்தா! யாரு தைச்சா என்ன? எனக்குன்னு புருஷனா, புள்ளையா? நான் கெட்ட பேரு வாங்கினா ஒண்ணும் கெட்டுப் போகாது. அந்தப் புள்ள நாளைக்குக் கல்யாணப் பொண்ணா உக்காரணும்.

ஹமீதா: சல்மா தைச்சிருப்பான்னு பயப்படுறியா?

ஆசியா: இல்ல. அவ தைக்கல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்.

ஹமீதா: எப்படித் தெரியும்?

ஆசியா: …சல்மா கை இவ்வளவு கோணலா இருக்காது.

ஹமீதா: கோணலா இருக்குன்னா… ரொம்பவா?

ஆசியா: பாருங்களேன், ஒரு எழுத்து மலை ஏறுது, ஒரு எழுத்து இறங்குது. ஹா-வுக்கு வயிறு பெருத்துக் கிடக்கு. யாரோ புதுசா ஊசி பிடிச்ச கை.

ஹமீதா: சரி, சரி, போதும். பிரிக்காம நேராக்க முடியுமா?

ஆசியா: என்ன?

ஹமீதா: பொன் நூல் மேல ஓட்டி, சிக்கிட், கொஞ்சமா நேராக்க முடியுமான்னு கேக்கறேன். அந்தப் புள்ளியையும் வெச்சு.

ஆசியா: பிரிக்கச் சொல்லத்தானே வந்தீங்க?

ஹமீதா: நான் எப்போ சொன்னேன்? கத்தரியை எடுத்தது நீ.

ஆசியா: ராத்தா, சம்பந்தி வீட்டுல வாசிச்சிடுவாங்க!

ஹமீதா: வாசிக்கட்டும். பெத்தவ பேரைப் பாத்து மூஞ்சி சுளிக்கிற வீடுன்னா இன்னிக்கே தெரியட்டும். கப்பல் ஏறின பொறவு தெரிஞ்சு, அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் அவ யாருகிட்ட போய் அழுவா?

ஆசியா: உங்க தம்பி?

ஹமீதா: அவன் கத்துவான். ரெண்டு நாள் சாப்பிட மாட்டான். மூணாம் நாள் மீன் ஆணத்தை ஊத்தி வெச்சா வந்து உக்காருவான். அவனை வளத்தவ நான். என் கவலை அவன் இல்ல.

ஆசியா: அப்போ என்ன கவலை?

ஹமீதா: சல்மா. நேத்து மத்தியானம் இந்தத் திரையை எடுத்து விரிச்சா. நான் கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த மூலைக்கு வந்ததும் நின்னா. விரலால தடவினா. ஒண்ணும் பேசல. மடிச்சு வெச்சுட்டு, "மாமி, பசிக்குது"ன்னு வந்து உக்காந்துட்டா. அவளுக்கு அது வாசிக்க வந்துச்சா, வரலையா? வாசிச்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா? ராத்திரி பூரா அதே நினைப்பு. உன்கிட்ட கொண்டாந்தா, நீயும் ரோஜாங்கிற.

ஆசியா: ராத்தா… நானும் ஒண்ணை உங்ககிட்ட மறைச்சேன்.

ஹமீதா: இன்னுமா இருக்கு?

ஆசியா: இன்னிக்குக் காலையில நீங்க மீன் வாங்க பாசாருக்குப் போயிருந்தீங்கல்ல, அப்போ சல்மா பின்வாசல் வழியா இங்க வந்தா. திரையை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டு.

ஹமீதா: கல்யாணப் பொண்ணு, சந்துல இறங்கியா?

ஆசியா: திட்டாதீங்க. இதோ, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தா. மூலையை விரிச்சு வெச்சு, "உஸ்தாது, ரோஹானாங்கிறது யாரு? நான் தைக்கல. ஆனா என் பேருக்குக் கீழ மகள்னு இருக்கு"ன்னு கேட்டா.

ஹமீதா: வாசிச்சிட்டாளா!

ஆசியா: ஒரு எழுத்து தப்பாம.

ஹமீதா: நீ என்ன சொன்னே?

ஆசியா: அதுக்கு மேல மறந்து போச்சுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜுரு, தெக்காட், அடுப்படி… அக்காவோட கூடப் பொறந்த தங்கச்சி இன்னும் ஜுருவுலதான் இருக்காங்கன்னும் சொல்லிட்டேன்.

ஹமீதா: அழுதாளா?

ஆசியா: அழல. ரொம்ப நேரம் அந்தப் பொன் நூலையே பாத்துக்கிட்டு இருந்தா. "அப்போ இந்தத் தையல் என் உம்மாவோடதா?"ன்னா. ஆமான்னேன். "நாகப்பட்டினத்துக்குப் போய் அங்க இருக்கிற புள்ளைங்களுக்கு நான் இதைச் சொல்லிக் குடுக்கும்போது, பேரைச் சொல்லணும்ல, உஸ்தாது?"ன்னு கேட்டா.

ஹமீதா: அப்படியா கேட்டா…

ஆசியா: நிக்காஹ் முடிஞ்சு கப்பல் ஏறுறதுக்கு முந்தி ஒரு தரம் ஜுருவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றா. மாப்பிள்ளைகிட்ட தானே கேக்கப் போறாளாம். உங்ககிட்ட மட்டும் இப்போ சொல்ல வேணாம்னா. "மாமி மனசு கஷ்டப்படும், மாமிக்கு இதெல்லாம் தெரிய வேணாம்"னா.

ஹமீதா: எனக்குத் தெரிய வேணாமாமா!

ஆசியா: சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

ஹமீதா: ரெண்டும்தான். அப்போ… எழுத்து சரியாத்தான் இருந்திருக்கு.

ஆசியா: இருந்துச்சு… எழுத்து சரியா இருந்தா உங்களுக்கு என்ன ராத்தா? புள்ளி விட்டதுக்கு ஐயோன்னீங்க. கோணல்னா மூஞ்சி சுருங்குது. வந்ததுலேர்ந்து இவ்வளவு பேசினீங்க, அக்கா பேரை மட்டும் ஒரு தடவைகூட நீங்க சொல்லல. என்னைத்தான் சொல்ல வெச்சீங்க… ராத்தா? இங்க பாருங்க. கையைக் காட்டுங்க. விரல் நுனியெல்லாம் என்ன இது, ஊசிக் குத்தா?

ஹமீதா: அவ பேரை என் வாயால எடுக்க மாட்டேன்னு தம்பிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் ஆசியா, அதை இன்னிக்கு வரைக்கும் மீறல… அதுக்குத்தான் சல்மா முணுமுணுக்கிறதைக் கேட்டே இந்த வயசுல உக்காந்து எழுத்துக் கத்துக்கிட்டேன்.